குளத்து நடுவில் இரண்டு பேருக்கு ஒரு மேசை

கூச்சக்காரன் பேசாமல் மூலைக்குள் இருக்கும்வரை அவனால் ஊருக்கு ஒரு கரைச்சலும் இல்லை. அவன் துணிந்து ஒரு காரியம் செய்ய வெளிக்கிடும்போதுதான் ஊர் விழுந்து விழுந்து சிரிக்கிற மாதிரி ஏதாவது நடக்கும். மற்றவன் வாசலால் போய்க் கேட்டு முடித்துவிடுகிற விசயத்துக்குக் கூச்சக்காரன் கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்குவான். வாசலில் ஆள் நிற்குமே என்ற பயம்தான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். அதற்கும் கூச்சம்தான் காரணம் என்றால் நம்பமாட்டீர்கள். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கே முதல்நாள் எழும்பி நின்று பெயர் சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நான் மாடு பார்க்கப் போய்விட்டேன். (மாடு பெயர் கேட்காது.)

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கலியாணம் நடந்தது. அக்கராயனில் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் எங்களுக்கு. மண்சுவர் வீடு, கிடுகுக் கூரை. அதற்குள் அம்மா, அண்ணை, அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள், என் இரண்டு தங்கச்சிமார், நான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். வயலுக்கு ஆள் காணாது என்று அம்மா என்னை விடவில்லை. அதனால் உடையார்கட்டிலிருந்து பூமணி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

எங்களுக்கென்று ஒரு அறை கொடுத்தார்கள். அறை என்றால், அண்ணையின் அறைக்கு நடுவே ஒரு பனையோலைத் தட்டியைக் கட்டியதுதான். முதல் கிழமை முழுக்க நான் பூமணியோடு கதைக்க ஒரு சொல்லைத் தேடினேன். கடைசியில் ஒருநாள் மத்தியானம், நெல்லு மூட்டைக்குப் பக்கத்தில் அவள் இருந்தபோது, குரலைத் தணித்து, "வெக்கையாக் கிடக்கோ?" என்று கேட்டேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணை, "ஓமடா, சரியான வெக்கை" என்றார். அதோடு அந்தக் கிழமைக்கான கதை முடிந்தது.

சாப்பாடும் அப்படித்தான். முதலில் ஆம்பிளைகள், பிறகு பிள்ளைகள், எல்லாரும் முடிந்து சட்டி பானை ஒதுக்குகிற நேரத்தில் பெண்கள் குசினிக்குள் இருந்து சாப்பிடுவார்கள். பூமணி எனக்குச் சோறு போடுவாள், குழம்பு விடுவாள், தண்ணீர் வைப்பாள். அவள் சாப்பிட்டதை நான் கண்டதில்லை. நான் கலியாணம் முடித்த பெண் என்ன நிறத்தில் சேலை கட்டுவாள் என்று எனக்குத் தெரியும், என்ன கறிக்கு ஆசைப்படுவாள் என்று தெரியாது.

என் சின்னத் தங்கச்சிதான் ஒருநாள் விசயத்தைச் சொன்னாள். வந்த இரண்டாம் நாள், அம்மா குசினியில் இல்லாத நேரம், பூமணி இரண்டாந்தரம் சோற்றுக்குக் கை நீட்ட, அண்ணி, "இனி இன்னும் ரெண்டு ஏக்கர் கூட்டி விதைக்கத்தான் வேணும் போல" என்று பகிடி விட்டாராம். பகிடிதான். அண்ணி கெட்டவர் இல்லை. குசினி முழுக்கச் சிரித்ததாம், பூமணியும் சிரித்தாளாம். ஆனால் அன்றிலிருந்து அவள் கை நீட்டுவதே இல்லையாம்.

இதைக் கேட்ட பிறகு ஒரு ஆம்பிளை என்ன செய்ய வேண்டும்? அண்ணியிடம் ஒரு சொல் சொல்லலாம். அம்மாவிடம் சொல்லலாம். ஒன்றும் இல்லாவிட்டால் பூமணியிடமாவது, "வடிவாச் சாப்பிடும்" என்று சொல்லலாம். நான் வயலுக்குப் போய் வரம்பு கட்டினேன். நல்ல உயரமான வரம்பு.

புதுக்குடியிருப்பில் ஒரு சொந்தக்காரர் கலியாணத்தில் பூமணியின் அம்மா, என் மாமி, மகளைக் கண்டார். கையைப் பிடித்தார். காப்பு முழங்கை வரைக்கும் தன்பாட்டில் ஏறி இறங்கியது. மாமி காப்பையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அம்மாவிடம் வந்து, "வாற வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸிலை வாறன் மச்சாள். பிள்ளையைக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். அதற்கென்ன, கூட்டிக்கொண்டு போங்கோ என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாள். எங்கள் பகுதியில் கொஞ்ச நாளைக்கென்று தாய்வீட்டுக்குப் போன பெண்கள் அங்கே தென்னை வைத்துத் தேங்காயும் பிடுங்கியிருக்கிறார்கள். பூமணி போனால் திரும்ப மாட்டாள் என்று எனக்கு விளங்கியது. அவளைப் போக வேண்டாம் என்று சொல்ல முதல், ஒரு நேரமாவது அவள் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், ஒருவரும் பார்க்காமல், எனக்கு முன்னால். அதற்குப் பிறகு எனக்குச் சொல் வரும் என்று நினைத்தேன்.

கிளிநொச்சிச் சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. பின்பக்கம் திரை போட்ட ஒரு சின்ன அறை. குடும்பமாக வருகிறவர்களுக்கு. முன்கூட்டியே சொல்லி வைப்போம் என்று சைக்கிளில் போனேன். வழி முழுக்க, "ரெண்டு பேருக்குத் தனியா ஒரு மேசை" என்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். கடை முதலாளி நிமிர்ந்து, "என்ன தம்பி?" என்றார். கடைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான், "ரெண்டு வாழைப்பழம்" என்றேன். வெளியே வந்து தின்றுவிட்டு, மனதைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடி போனேன். மறுபடி இரண்டு வாழைப்பழம். மூன்றாம் முறை அவர் என்னைக் கண்டதும் கேட்காமலே குலையில் கை வைத்தார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த நேரம்தான் என் மச்சான் சிவலிங்கம், என் தாய்மாமாவின் மகன், லீவில் வந்து நின்றான். அவனுக்குக் கப்பலில் வேலை. சரக்குக் கப்பல் இல்லை, காசுக்கார வெள்ளையர்கள் ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கிற உல்லாசக் கப்பல். அவன் கதைக்கத் தொடங்கினால் மாடும் அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

அந்தக் கப்பலின் சாப்பாட்டு மண்டபத்தில் எல்லாம் பெரிய வட்ட மேசைகளாம். முன்பின் தெரியாத எட்டுப் பத்துப் பேரோடு சேர்ந்திருந்து, அவர்கள் பார்க்கப் பார்க்கச் சாப்பிட வேண்டுமாம். புதிதாகக் கலியாணம் முடித்த சோடிகளுக்கு இது பிடிக்காதாம். அதனால் கப்பலில் ஏறினதும், பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல், மண்டபத்துக்குப் பொறுப்பானவரிடம் ஓடிப்போய், எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் ஒரு மேசை, யன்னல் பக்கமாகத் தாருங்கள் என்று கேட்பார்களாம். பிந்தினால் கிடைக்காதாம். கிடைத்துவிட்டால் வெள்ளைத் துணி விரித்து, பூ வைத்து, ஒரு விளக்கும் கொளுத்தி, எதிரெதிரே இருத்திவிடுவார்களாம். பிறகு அந்தப் பக்கம் ஒரு குருவியும் போகாதாம்.

நான் அவனுக்குக் கிட்ட நகர்ந்து இருந்தேன். அவ்வளவு காசு கொடுத்துப் போகிறவர்களுக்கும் எங்கள் வீட்டுக் கரைச்சல்தானா!

"நடுக்கடல் மச்சான்," என்றான் சிவலிங்கம். "சுத்திவரத் தண்ணி. ஆர் வந்து எட்டிப் பாக்கிறது?"

சுற்றிவரத் தண்ணீர். நான் திரும்பிக் குளத்தைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என்று முடிவு செய்தேன். மாமி வர முதல் காரியம் நடக்க வேண்டும். குளத்தில் மீன் பிடிக்கிற ஒருவரிடம் வள்ளம் கேட்டேன், வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் தாமரைப்பூ பிடுங்க என்று. மேசைக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் பாய்தான். ஊர் வாசிகசாலையில் பேப்பர் போடுகிற ஒரு சின்ன மேசை இருந்தது. வாசிகசாலைத் தலைவர் தம்பையா அண்ணையிடம், ஒரு கால் ஆடுகிறது, ஆணி அடித்துத் தருகிறேன் என்று சொல்லித் தூக்கி வந்தேன். மேசைத் துணிக்கு என் கலியாண வேட்டி. விளக்குக்கு, சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த சின்னக் குத்துவிளக்கு. ஒரு நேரச் சோற்றுக்கு எத்தனை பொய், எத்தனை களவு என்று பாருங்கள்.

பூமணியிடம் சொல்ல வேண்டியதுதான் மிச்சம். தட்டி அறைக்குள் சொன்னால் அண்ணை மறுமொழி சொல்லுவார். கிணற்றடியில், வாளி சத்தம் போடுகிற நேரமாகப் பார்த்து, நாளைக்கு வயலுக்கு எனக்குச் சோறு கொண்டுவரும்போது இரண்டு பேருக்குக் காணக்கூடியதாகக் கட்டிக்கொண்டு குளத்தடிக்கு வரும்படி சொன்னேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஓடியிருப்பேன்.

அடுத்தநாள் அவள் வந்தபோது நான் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வள்ளத்தின் நடுவில் மேசை, அதன்மேல் வேட்டி, அதன்மேல் இரண்டு வாழையிலை, ஒரு தாமரைப்பூ, எரிகிற குத்துவிளக்கு. வள்ளம் தள்ள வசதியாக நான் சட்டையைக் கழற்றியிருந்தேன். வெள்ளிக்கிழமை என்றபடியால் குளித்து முழுகி, உடம்பு நிறைய வீபூதி. சாப்பாடும் மரக்கறிதான்: சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பாவற்காய்க் குழம்பு.

(இந்தக் காட்சியை இன்னொரு தரம் மனதில் கொண்டுவந்து பாருங்கள். வெள்ளைத் துணி, பகல் விளக்கு, இலையில் மரக்கறிச் சோறு, தாமரைப்பூ, மேல்சட்டை இல்லாமல் வீபூதி பூசின ஒரு ஆம்பிளை, குளம். உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்கு அப்போது உல்லாசக் கப்பல்தான் தோன்றியது.)

கம்பை ஊன்றி வள்ளத்தைத் தள்ளினேன். நான் வயல்காரன், வள்ளம் தள்ளத் தெரியாது. அது நேராகப் போகாமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனது. பூமணிக்குக் கொஞ்ச நேரம் குளக்கட்டு தெரிந்தது, கொஞ்ச நேரம் காடு தெரிந்தது. நடுவுக்கு வந்ததும் கம்பை வைத்துவிட்டு எதிரே இருந்தேன். இப்போது என்ன செய்வது என்று சிவலிங்கம் சொல்லித் தரவில்லை. "சாப்பிடுமன்" என்றேன்.

அவள் சுற்றிப் பார்த்தாள். குளக்கட்டில் ஒரு மாடு மட்டும் நின்றது. அவள் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். பிறகு இன்னொரு வாய். பிறகு என்னை மறந்துவிட்டாள். பாவற்காயை ஒதுக்கிவிட்டு வாழைக்காய்ப் பொரியலை முதலில் சாப்பிட்டாள். சோறு முடிந்ததும் தானாகவே பானைக்குள் கை விட்டு அள்ளிப் போட்டாள். அதற்குப் பிறகும் ஒரு முறை. நான் என் இலையில் கை வைக்காமல் இருந்து பார்த்தேன். என் மனிசிக்குப் பாவற்காய் பிடிக்காது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டு நாள் பாவற்காய்.

சாப்பிட்டு முடித்து, குனிந்து குளத்திலேயே கையைக் கழுவிவிட்டு, அவள் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, ஒண்டு கேக்கட்டே? அம்மா பின்னேரம் வருவா. நான் போறதோ, நிக்கிறதோ? நீங்கள் நில் எண்டு சொன்னால் நிக்கிறன்."

நில்லும். ஒரு சொல்தான். அது என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நெஞ்சு, கழுத்து, நாக்கு என்று அது ஏறி வந்த பாதையை நான் இப்போதும் சொல்லுவேன். வாயைத் திறந்தும்விட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் குளக்கட்டிலிருந்து ஒரு குரல். "தம்பி! ஆர் மோசம் போனது?"

திரும்பினால், தம்பையா அண்ணையும் இன்னும் இரண்டு பேரும். எங்களைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நான் யாரோ செத்தவருடைய காடாத்துச் சாம்பலைக் குளத்தில் கரைத்துவிட்டுப் படையல் வைக்கிறேன் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த நேரத்தில் எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: எனக்கு முன்னால் சோறு இருக்கிறது, எதிரே மனிதர்கள் நிற்கிறார்கள்.

இலைக்கு முன்னால் இருக்கும்போது ஒருவரைக் கண்டால் எங்கள் ஆட்கள் என்ன சொல்லுவார்கள்? மூளையைக் கேட்டா வாய் சொல்லும்? என் வாய், திறந்தபடி தயாராக இருந்த அதே வாய், உரத்துச் சொன்னது:

"வாங்கோ அண்ணை, சாப்பிடுவம்!"

சாதாரண நாளில் இதற்கு ஒரு மறுமொழி இருக்கிறது. "நான் இப்பதான் சாப்பிட்டனான், நீங்கள் சாப்பிடுங்கோ" என்பார்கள், அதோடு சரி. கூப்பிட்டவனுக்கும் நட்டமில்லை, கூப்பிடப்பட்டவனுக்கும் நட்டமில்லை. ஆனால் செத்தவருக்குப் படைத்த சோற்றுக்குக் கூப்பிட்டால் மறுக்கக் கூடாது, மறுத்தால் செத்தவருக்கு மரியாதை இல்லை. கட்டோரம் கிடந்த இன்னொரு வள்ளத்தில் மூன்று பேரும் ஏறினார்கள். தம்பையா அண்ணை முகத்தைச் செத்தவீட்டு முகமாக்கிக்கொண்டு வந்தார்.

பூமணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

அவர்கள் பக்கத்தில் வந்து எங்கள் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தம்பையா அண்ணை என் தொடாத இலையைப் பார்த்தார், பாவம், சோறு இறங்கவில்லை என்று நினைத்திருப்பார். குரலைத் தாழ்த்தி, "கொம்மா போன கிழமையும் சந்தையிலை சுகமாத்தானே நிண்டவ?" என்றார்.

இல்லை அண்ணை, அம்மா வீட்டில் உழுந்து இடிக்கிறா, இது என் மனிசிக்குச் சோறு கொடுக்கிற ஏற்பாடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் போனால் ஏன், எதற்கு என்று கேட்பார்கள். அம்மா சந்தையில் சுகமாக நின்றது உண்மைதானே? "ஓம் அண்ணை" என்றேன்.

அவர் குளக்கட்டுக்கு வந்து நின்ற யாருக்கோ கையை விரித்துக் காட்டினார். அங்கேயிருந்து ஒரு சைக்கிள் ஊருக்குள் பறந்தது. ஒரே ஒரு "ஓம்". என் தாயை நான் கொன்றேன்.

பிறகு அவர்கள் ஆளுக்கொரு பிடி சோறு வாங்கி, மௌனமாகச் சாப்பிட்டார்கள். பூமணிதான் போட்டாள். போடுகிறபோது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அவர்கள் தலையை ஆட்டினார்கள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

சாப்பிட்ட கையோடு தம்பையா அண்ணை வேட்டியின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். "உது எங்கடை வாசிகசாலை மேசையல்லோ?" என்று நம்ப முடியாமல் எழும்பி நின்றார். எழும்பினவர் எங்கள் வள்ளத்தில் கை ஊன்றினார். பிறகு நடந்ததை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வள்ளம் இரண்டும் கவிழ்ந்தன. நான் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு கையைக் காலை அடித்தேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் மற்றவர்கள் எல்லாரும் நிற்பதைக் கண்டேன். வள்ளம் சுற்றிச் சுற்றிக் கரைப்பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. இடுப்பளவு தண்ணீர். நடுக்குளம் என்று நான் நினைத்த இடத்தில் எருமைகள் குளிக்கிறவை.

வாசிகசாலை மேசை நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு செத்த மாடு மாதிரி மிதந்து போனது.

இதற்குள் குளக்கட்டில் சனம் கூடிவிட்டது. நாங்கள் சொட்டச் சொட்டக் கரையேறினோம். அங்கே பஸ்ஸால் இறங்கின மாமி நின்றார். சம்பந்தி செத்துப்போனார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கைப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, "என்ரை மச்சாளே, என்னை விட்டிட்டுப் போட்டியோ" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் சனத்தை விலக்கிக்கொண்டு அம்மா ஓடி வந்தார், கையில் உலக்கையோடு. அவருக்கு மகன் குளத்தில் விழுந்துவிட்டான் என்று செய்தி. மாமி அழுவதைக் கண்டு அம்மாவும் அழத் தொடங்கினார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். பிறகு அம்மா கேட்டார்: "மச்சாள், ஆர் செத்தது?"

மாமி திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் குளக்கட்டில் ஒருவராலும் நேராக நிற்க முடியவில்லை. தம்பையா அண்ணையே ஈர வேட்டியோடு கீழே குந்திவிட்டார்.

சிரிக்காதவர்கள் மூன்று பேர். அம்மா, மாமி, நான். நடந்ததை மாமி பூமணியிடம் கேட்டு அறிந்தார். அறிந்துவிட்டு அம்மாவைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "ஒரு பிள்ளைக்கு வயிறாரச் சோறு குடுக்கிறதுக்குக் குளத்துக்கை கொண்டுபோக வேண்டிக் கிடக்கு, என்ன மச்சாள்?" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா உலக்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அண்ணியின் பகிடியோ பூமணியின் பட்டினியோ அம்மாவுக்கு அதுவரை தெரியாது. ஊருக்கு முன்னால் அவர் தலை குனிந்ததை நான் பார்த்தேன். அதற்குக் காரணமும் நான்தான்.

அதே பஸ் திரும்பிப் போகும்போது மாமி அதில் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். பஸ் மிதியில் கால் வைத்தபடி பூமணி ஒருமுறை திரும்பி, "நான் கேட்டதுக்கு நீங்கள் மறுமொழி சொல்லேல்லை" என்றாள். பஸ்ஸுக்குள் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேசையைத் தேடுகிற மாதிரிக் குளத்தைப் பார்த்தேன்.

அதன் பிறகு ஊரில் என் பெயர் கப்பல்காரன். சிவலிங்கத்தைப் பிடித்து, ஏனடா விளக்கு, வெள்ளைத் துணி என்றெல்லாம் சொன்னாய் என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். "நான் எங்கை மச்சான் கண்டது? நான் கீழைக் குசினிக்கை கோப்பை கழுவினனான். மேலை இருந்து வாற பெடியள் சொல்லுறவங்கள்."

நெல்லு வெட்டு முடிந்து சூடும் அடித்த பிறகு ஒருநாள் உடையார்கட்டுக்குப் போனேன். போகாமல் இருக்கத்தான் விருப்பம். ஆனால் வீட்டில் பாவற்காய்க் கறி வைத்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமி வீட்டில் மேசை இருந்தது. விறாந்தை நடுவில் என்னை அதில் தனியாக இருத்தினார்கள். மாமா சாய்மனைக் கதிரையில், மாமி கதவோடு, மச்சான்மார் இரண்டு பேர் சுவரோடு. ஒருவருக்கு ஒரு மேசை, பார்க்க நாலு பேர். பூமணி பின்னால் வந்து சோறு போட்டாள். கையில் காப்பு இறுகி இருந்தது.

நான் இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "நில்லும் எண்டு சொல்லத்தான் அண்டைக்கு வாயைத் திறந்தனான். தனிக் குசினி ஒண்டு போடுறன். வாரும்."

மாமி மாமாவிடம், "தம்பி ஆரோடை கதைக்கிறார், சோத்தோடையோ?" என்று கேட்டார்.

"என்னோடைதான் அம்மா," என்றாள் பூமணி. "அவருக்கு அப்பிடித்தான் வரும்."

ஊருக்கு வந்து அம்மாவிடம் தனிக் குசினிக்கு உத்தரவு கேட்க வேண்டி இருந்தது. ஒரு வீட்டில் இரண்டு உலை என்றால் தாய்க்கு அது எவ்வளவு அவமானம் என்று எனக்குத் தெரியும். நான் தூணைப் பிடித்துக்கொண்டு விசயத்தைச் சொல்லி முடித்தேன். அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே, "செத்தவளிட்டை ஏன் கேக்கிறாய்? போடு" என்றார். பிறகு கிடுகு கட்ட அவரே வந்து நின்றார். அண்ணி தன் கையாலேயே அடுப்புப் பூசிக் கொடுத்தார். ஒரு பகிடியும் விடவில்லை.

காணியின் மூலையில் அந்தக் குசினி எழுந்தது. மேசை இல்லை, பாய்தான். முதல்நாள் நானும் பூமணியும் எதிரெதிரே இருந்தோம். வாழைக்காய்ப் பொரியல். அவள் இரண்டாந்தரம் போட்டுக்கொண்ட நேரம், வாசலில் சைக்கிள் மணி கேட்டது. குளத்திலிருந்து எடுத்தபோது கால் முறிந்திருந்த வாசிகசாலை மேசைக்குப் புதுக் கால் என்னாயிற்று என்று கேட்க வந்த தம்பையா அண்ணை, படலையைத் தள்ளிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றார்.

என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை, அதுவாகத் திறந்தது.

பூமணி தன் இலையிலிருந்து ஒரு கவளத்தை உருட்டி அந்த வாய்க்குள் வைத்து அடைத்தாள். என்னால் ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. தம்பையா அண்ணை இதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இருமிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஊர் முழுக்கச் சொன்னார்: "அவனுக்கு மனிசி தீத்திவிடுறாள், குழந்தைப் பிள்ளைக்குத் தீத்துற மாதிரி." கப்பல்காரன் என்ற பெயர் அன்றோடு போனது. அதற்குப் பதிலாக வந்த பெயரை இங்கே எழுத மாட்டேன்.

ஒருவரும் பார்க்காமல் மனிசியோடு ஒரு நேரம் சாப்பிட ஆசைப்பட்டவன் நான். இப்போது என் மகளும் மகனும் வளர்ந்துவிட்டார்கள். சாப்பிடும்போது வாசலில் ஆள் நடமாட்டம் கேட்டால் போதும், இரண்டு பேரும் ஒரே குரலில், "அம்மா, அப்பாவுக்குத் தீத்துங்கோ" என்பார்கள். வந்தவர் காரணம் கேட்பார். மகள் முதலிலிருந்து கதையைத் தொடங்குவாள், மகன் விளக்கு எரிந்ததையும் மேசை மிதந்ததையும் எடுத்துக் கொடுப்பான். நான் இலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இருப்பேன்.

பூமணி கதையில் சேருவதில்லை. வாசலைப் பார்த்தபடி, ஒரு கவளத்தை உருட்டிக் கையில் தயாராக வைத்திருக்கிறாள்.